சுமை, மேடு, மழை

“நான் ஓட்டல. சார் ஓட்டட்டும். பின்னாடி சுமை ஏத்திக்கிட்டு ஓட்டட்டும்.”

மின்சார பைக் செய்கிற கொட்டகையில் எல்லோர் கையும் நின்றுபோனது. ஸ்பேனரோடு குனிந்திருந்த ஃபிட்டர் குனிந்தபடியே நின்றார். பார்சல் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் நல்ல கனத்த ஆள். சட்டைப் பட்டன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயிறு. தன்னைத்தான் சொல்கிறாளா என்று அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அண்ணன் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானதுதான். உதடு உபசாரம் செய்யும், கண் ஆளை எரிக்கும்.

அந்தக் கொட்டகையில் விருந்தாளிகள் காதுபடச் சொல்லவே கூடாத வார்த்தைகள் மூன்று இருந்தன: சுமை, மேடு, மழை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணன் அவளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். “இந்த மூணும் நம்ம வாயிலேருந்து வரக்கூடாது. அவங்களா கேட்டா ‘நல்ல கேள்வி சார்’னு சொல்லிட்டு டீ கொண்டுவரச் சொல்லு.” பக்கத்தில் நின்ற ஃபிட்டர், “நாலாவதா ஒண்ணு இருக்கும்மா, சம்பளம். அதை விருந்தாளி இல்லாதப்பவும் சொல்லக்கூடாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணன் உட்பட. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்பார். அதனால் கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து கணக்குப் பார்க்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

“நல்ல கேள்வி சார்,” என்றார் அண்ணன், கேட்டது மேனேஜர் இல்லை என்பதையும் மறந்து. “பஞ்சுக்குக் காலையிலேருந்து உடம்பு சரியில்ல. டீ சாப்பிடுங்க, இதோ வந்துட்டோம்.”

“எனக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் அவள் முதுகில் கைவைத்து, தள்ளுவது தெரியாமல் தள்ளிக்கொண்டு பேட்டரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பஞ்சு என்பது அவர் வைத்த பெயர்தான். காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி இருக்கிறாள் என்று முதல் நாளே வைத்தார். பள்ளிக்கூடத்தில் ‘குச்சி’, ‘எலும்பு’ என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அது செல்லப்பெயராகவே பட்டது. வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

அவள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். பழைய மொபெட்டின் முன்னால் பெயின்ட் டப்பாக்கள், பின்னால் மகள் என்று ஊரைச் சுற்றியவர். பெட்ரோலைச் சொட்டு மருந்து மாதிரி ஊற்றுவார். இறக்கம் வந்தால் இன்ஜினை அணைப்பார். சிக்னலில் சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே கையைத் தளர்த்துவார். “பிரேக் பிடிக்கிறது காசைத் தெருவுல எறியற மாதிரி” என்று அவர் சொன்னது அவள் கையிலேயே ஊறிப் போயிருந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்க அவளுக்கு மனசே வராது, தடவத்தான் வரும். அவளைப் பொறுத்தவரை அது வறுமை கற்றுக்கொடுத்த கஞ்சத்தனம். வெளியே சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை.

நேர்காணலுக்கு வந்த அன்று பெரிய பெரிய கல்லூரிகளின் பெயரைச் சட்டையில் மாட்டாத குறையாக வரிசையில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நுனிநாக்குப் பேச்சு, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த தோள்கள். அவள் பேட்டரி செல்கள் சூடாவதைப் பற்றி இரவெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாள். அண்ணன் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “வண்டி ஓட்டுவியா?” என்றார். ஓட்டிக் காட்டினாள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “உன் எடை எவ்வளவு?” என்றார் அடுத்து. அவள் முறைத்ததும், “இல்லம்மா, ரைடருக்கு ஜாக்கெட் தைக்கணும்ல?” என்று சிரித்தார். மறுநாளே வேலை கிடைத்தது. அத்தனை பையன்களையும் ஓரங்கட்டிவிட்டு தன் மகளை எடுத்தார்கள் என்று அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். மார்க் ஷீட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தாள்.

அவள் ஓட்டிய முதல் சோதனை ஓட்டத்தில், முழு சார்ஜில் கிளம்பி ஊரைச் சுற்றிவந்து வண்டி உயிரைவிட்டபோது மீட்டர் நூற்று ஐம்பது கிலோமீட்டர் காட்டியது. கொட்டகையே ஆடித் தீர்த்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுவாரமே எல்லா வண்டிகளிலும், பெட்ரோல் வண்டி மாதிரித் தெரிய வைத்திருந்த வெற்று டேங்கில், மஞ்சள் எழுத்தில் அந்த எண் ஏறியது. எண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிமிரும். தன் பெயரையே எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

அந்த நெஞ்சு நிமிர்தலோடுதான் மாமாவிடம் போய் நின்றாள். அக்காவின் கணவர். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர். வாட்டசாட்டமான உடம்பு, அதற்கேற்ற வாய். “கரன்ட்டு வண்டியா? நடுவழியில நின்னா எந்தக் கம்பத்துல சொருகறது?” என்று கேலி செய்தவரிடம், “நானே ஓட்டினது மாமா. என் வார்த்தையை நம்புங்க” என்றாள். நம்பினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு இதை வாங்கினார்.

வாங்கிய சில நாட்களிலேயே கேன்களோடு பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டார். வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தார். “உங்க ஓட்டுற முறை சரியில்ல சார், ஒரு வீடியோ அனுப்புறோம், பாருங்க” என்றார்கள். வந்த வீடியோவில், இறக்கத்தில் கையை எப்படித் தளர்த்த வேண்டும், விளக்கைப் பார்த்ததும் எப்படி மெதுவாக வேண்டும் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது அவர் மைத்துனியேதான்.

அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா டீச்சர்,” என்றார். “கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து வண்டி ஓட்டுறேன். உன் வீடியோவைப் பார்த்தப்புறம்தான் எனக்கு ஓட்டத் தெரியாதுன்னே தெரிஞ்சுது.”

“கிண்டல் பண்ணாதீங்க மாமா. எவ்வளவு வருது?”

“எழுபது. உன் அக்கா கும்பிட்டுக் கேட்டுக்கிட்டா எழுபத்தஞ்சு.”

அக்கா சிரிக்கவில்லை. அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள். “ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டாருடி. கேக்கவே மாட்டேங்கறாரு. எடையைக் குறைச்சா வண்டி ஓடும்னு எவனோ சர்வீஸ்ல சொன்னானாம். காலையில வெறும் வயித்தோட கேன் தூக்கறாரு. நேத்து மாடிப்படியில அப்படியே உக்காந்துட்டாராம். பாதி கடைக்காரங்க வேற ஆள் பாத்துக்கிட்டாங்க. உன் மேல ஒரு வார்த்தை சொல்லல அவரு. ‘அவ ஓட்டினா ஓடுது, கோளாறு என்கிட்டத்தான்’னு சொல்லிக்கிட்டிருக்காரு.”

அன்றைக்கே மாமாவின் வண்டியை வாங்கி, முழு சார்ஜ் போட்டு, வெறும் வண்டியாக அவள் ஓட்டிப் பார்த்தாள். நூற்று ஐம்பதைத் தொட்டது. மறுநாள் மாமா கேன்களோடு ஓட்டினார், எழுபதில் படுத்துவிட்டது. ஒரே வண்டி, ஒரே சாலை. தெருவோரத்தில் நின்ற அந்த வண்டியையும் வியர்த்து வழிந்த மாமாவையும் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொட்டில் அறைந்த மாதிரி விளங்கியது. டேங்கில் எழுதியிருந்தது வண்டியின் எண்ணே இல்லை, அவளுடைய எண். அவள் உடம்பின் எடை, அப்பாவின் மொபெட்டில் கற்ற கஞ்சக் கை, இரண்டும் சேர்ந்த எண். அந்த உடம்பும் அந்தக் கையும் இருந்தால்தான் வண்டி அப்படி ஓடும்.

அப்போதும் அவள் அதைத் தவறு என்றுதான் நினைத்தாள். அவசரத்தில் விட்டுப்போன ஒரு தவறு. பதறியடித்துக்கொண்டு அண்ணனிடம் ஓடி, “எடையைக் கணக்குல விட்டுட்டோம் அண்ணே. கனமான ஆளை வெச்சு, சுமையோட, மறுபடி ஓட்டிப் பாக்கணும். நம்பரை மாத்தணும்” என்றாள். அவர் வியந்துபோய், “நல்லாக் கண்டுபிடிச்சே பஞ்சு” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். “பார்சல் கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போகட்டும். முதல் வேலையா அதைச் செய்யறோம்.”

அந்தத் தட்டிக்கொடுத்தலை நம்பித்தான் இன்று ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். எவ்வளவு சார்ஜ் குறைகிறது என்று பார்த்து, முழு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்று பெருக்கிக்கொள்வார்கள். கிளம்பப் போகிற நேரத்தில் மேனேஜர், “எங்க பசங்க தலைக்கு மேல பை கட்டுவாங்க, பாலம் பாலமா ஏறி இறங்குவாங்க. அப்பவும் இதே நம்பர் வருமா?” என்று கேட்டார். அண்ணன் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. “எதை ஏத்தினாலும் நூத்தம்பது சார். அதுதான் நம்ம வண்டி” என்றார்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தது.

பேட்டரி அறையில் சார்ஜர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. சூடான பிளாஸ்டிக் வாடை. மூலையில் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளி. அண்ணன் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டார்.

“அறிவிருக்கா உனக்கு? வெளிய நிக்கிறது யாருன்னு தெரியுமா?”

“தெரியும். ஏமாறப் போறவரு.”

“வாயை மூடு. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் பேட்டரி செல் பண்றவன் நம்ம போனை எடுப்பான். இப்ப எடுக்கிறானா? பெரிய கம்பெனிக்காரன் பொறுக்கிட்டு மிச்சம் வெச்சதைத்தானே நம்ம தலையில கட்டுறான்? சர்வீஸ் சென்டருக்கு இடம் கேட்டா, ‘அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்களா’ன்னு கேக்குறான். பேங்க்குல வாசல்லயே நிக்க வெக்கிறான். அவங்களுக்கு நம்ம வண்டி தெரியாது, உழைப்பு தெரியாது. அந்த ஒரு நம்பர்தான் தெரியும். நம்பர் இருந்தா ஆர்டர் வரும். ஆர்டர் வந்தா நல்ல செல் வரும். நல்ல செல் வந்தா அந்த நம்பர் தானா உண்மையாயிடும். புரியுதா?”

அவர் சொன்னதில் பாதி அவளுக்குத் தெரிந்த உண்மைதான். பெட்டி பெட்டியாக வந்த மட்டமான செல்களைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் அவளே உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறாள். இந்த மனிதர் வீட்டுக்குப் போகாமல் இதே தரையில் படுத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறாள். அதனால்தான் ஆத்திரம் இன்னும் பொங்கியது.

“உண்மையாகிற வரைக்கும் என்ன பண்றது?”

“சமாளிக்கிறது.”

“யாரு சமாளிக்கிறது? எங்க மாமா ராத்திரி பட்டினி கிடக்குறாரு. உடம்பு குறைஞ்சா வண்டி ஓடும்னு உங்க சர்வீஸ் ஆள் சொல்லியிருக்கான்.”

அண்ணனுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “கொஞ்சம் குறைஞ்சா அவருக்கும் நல்லதுதானே பஞ்சு,” என்றார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஏதோ ஒன்று பிடிபட்டது. வியப்பே இல்லாத சிரிப்பு. எடைக்கும் எண்ணுக்கும் உள்ள உறவைப் போன வாரம்தான் கேள்விப்பட்ட ஆள் இப்படிச் சிரிக்க மாட்டார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள்.

அவர் சார்ஜர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போன வாரம் ‘நல்லாக் கண்டுபிடிச்சே’ன்னு தட்டிக்கொடுத்தீங்களே, அப்பவே தெரியும். எப்பலேருந்து?”

“இப்ப அது எதுக்கு?”

“எப்பலேருந்து அண்ணே?”

“ஆமா தெரியும்!” வெடித்தார். “நீ வர்றதுக்கு முன்னாடி ஃபிட்டர் ஓட்டினாரு. தொண்ணூறைத் தாண்டல. பணம் போட வந்தவன் டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டான். அப்புறம்தான் லேசான ஆளாத் தேடினேன். கிடைச்சே. நீ முற்றத்தைச் சுத்தி வந்த அழகைப் பார்த்ததும் கும்பிடத் தோணுச்சு. அப்படி ஒரு கை!”

“இன்ஜினியர் வேலைக்குத்தானே கூப்பிட்டீங்க?”

“கூப்பிட்டேன்.”

“இன்ஜினியர்னு எடுத்தீங்களா, எடை பார்த்து எடுத்தீங்களா?”

“உன் படிப்பு படிச்சவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்கம்மா. உன் மார்க் ஷீட்டை நான் பிரிச்சுக்கூடப் பார்க்கல. போதுமா?”

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்திருக்கிறார்கள். தான் அதற்குப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பையன்களுக்கெல்லாம் அன்றைக்கு வேலை கிடைக்காமல் போனது அவர்கள் நன்றாகச் சாப்பிட்டிருந்ததால். அவளுக்குக் கிடைத்தது அவள் வீட்டில் சோறு இல்லாமல் போனதால். இரவெல்லாம் படித்த படிப்பு, அப்பாவின் வெள்ளையடித்த கை, அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்ன சொல், எதற்கும் இங்கே ஒரு மதிப்பும் இருந்ததில்லை. அவளுடைய இல்லாமையைத்தான் வாங்கியிருக்கிறார்கள். வாங்கி, அதை டேங்கில் மஞ்சளாக எழுதி விற்றிருக்கிறார்கள். விற்ற இடத்தில் அவள் அக்கா வீடும் ஒன்று.

அண்ணன் குரலை இறக்கினார். “கோபத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே. டெஸ்ட்டிங் பிரிவுக்கே நீதான் தலைமை, கதவுல உன் பேரு. மாமாவுக்கு வேற வண்டி மாத்திக் கொடுத்துடறேன். ஒரே ஒரு ரவுண்டு. இவ்வளவு பேரு குடும்பம் உன் கையிலதான் இருக்கு கண்ணு.”

“வேற வண்டின்னா? அதுவும் இதே செல் போட்ட வண்டிதானே?”

கதவு தட்டாமலேயே திறந்தது. கையில் டீ டம்ளரோடு மேனேஜர் நின்றிருந்தார். பின்னால் ஃபிட்டரும், தட்டோடு வரவேற்பறைப் பெண்ணும்.

“தகரச் சுவரு. எல்லாம் கேக்குது,” என்றார் மேனேஜர், சாவகாசமாக.

அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி வந்தது. சொல்ல வேண்டியதைச் சுவரே சொல்லிவிட்டது.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்,” என்றாள். “சுமை ஏத்தினா பாதிதான் வரும். உங்க பசங்க நடுரோட்டுல நிப்பாங்க.”

மேனேஜர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “சுமை ஏத்தினா குறையும்னு எனக்குத் தெரியாதாம்மா? நானும் வண்டி ஓட்டினவன்தானே? எங்க ஆபீஸ்ல மேல இருக்கறவங்களுக்கு ஒரு நம்பர் வேணும். நூத்தம்பதுன்னு எழுதினா உடனே ஆகும். எழுபதுன்னு எழுதினா ஃபைல் என் மேஜையிலேயே கிடக்கும். நீ பாட்டுக்கு ஓட்டு, நான் பாட்டுக்கு எழுதிக்கறேன்.”

“வண்டி நின்னா?”

“வண்டி பசங்க பேருல இருக்கப் போகுது. தவணையை அவங்க கட்டுவாங்க. வண்டியையும் அவங்க பாத்துப்பாங்க. பார்சல் லேட்டானா அவங்க சம்பளத்துலதான் பிடிப்போம். நீ ஏன் பதர்றே?”

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “சார் எவ்வளவு தெளிவாப் பேசறாரு பாரு,” என்றார் அவளிடம், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏமாறப் போகிறவர் என்று யாருக்காக வாயைத் திறந்தாளோ, அவருக்கும் அவளைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவர்கள் இந்த அறையிலேயே இல்லை. தலைக்கு மேல் பை கட்டிக்கொண்டு எங்கோ பாலம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி நின்றால் அவர்களும் போன் செய்வார்கள். ஓட்டத் தெரியவில்லை என்று அவர்களுக்கும் சொல்வார்கள். அவர்களும் நம்புவார்கள்.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டைச் சார்ஜர் மேல் வைத்தாள்.

“நான் ஓட்டல.”

“நீ போனா ஆளே கிடைக்காதுன்னு நினைக்காதே,” என்றார் அண்ணன். சொல்லும்போதே அவர் கண் அறையைச் சுற்றி வந்து வரவேற்பறைப் பெண்ணின் ஒல்லியான தோளில் நின்றது. மேனேஜரின் கண்ணும் அங்கேதான் போனது. அந்தப் பெண் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

“எனக்கு சைக்கிளே ஓட்ட வராது சார்!”

ஃபிட்டர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, “நான் வேணா ஓட்டட்டுமா அண்ணே? நூத்தம்பது மீட்டராவது வரும்” என்றார். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“எங்க போறே?” என்றார் அண்ணன்.

“வண்டி வாங்கினவங்களைப் பாக்க. எங்க மாமாகிட்டேருந்து ஆரம்பிக்கப் போறேன். உங்களுக்கு ஓட்டத் தெரியும், கோளாறு வண்டியிலன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லப் போறேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் புகார் கொடுப்பேன். அந்த நம்பரை யாரு ஓட்டினாங்கன்னு கேப்பாங்க. நான்தான்னு சொல்லுவேன்.”

“நீயும்தான் மாட்டுவே! வீடியோவுல உன் மூஞ்சிதான் இருக்கு!”

“இருக்கட்டும்.”

“சோறு போட்ட இடம்டி இது! குடும்பம் மாதிரி வெச்சிருந்தேனே!”

அவள் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே நடந்தாள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; அவர்களுக்கும் வீடு இருக்கிறது, அவளுக்கு அது புரிந்தது, கால் மட்டும் நிற்கவில்லை. பெரிய ஷட்டரில் இருந்த சின்னக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெயிலில் இறங்கினாள். வாசலை மறித்து மேனேஜரின் கார் நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்து, மாமாவின் வீடு இருந்த திசையில் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.